‘நீங்க கேக்கலீங்களே மேடம்’: எங்கள் கம்பெனியில் ஆறு மாத டீம் கோச்சிங்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் மேனேஜராக, அதாவது ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு கிளம்பும் வரை பார்த்துக்கொள்ளும் வேலையில், இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்து 19 வருடம் ஆகிறது. தை மாதம் தொடங்கி ஆனி வரை எங்கள் டீமுக்குக் கோவையிலிருந்து ஒரு கோச் வந்து போனார். பதினைந்து நாளைக்கு ஒரு புதன்கிழமை, ஒவ்வொரு தடவையும் மூன்று மணி நேரம், மொத்தம் 12 அமர்வு. ஒரு அமர்வுக்கு 30,000 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 4,24,800 ரூபாய் கொடுத்தோம். எங்களைப் போன்ற நடுத்தரக் கம்பெனிக்கு இது சின்னத் தொகை இல்லை. அதனால்தான், யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கோச்சின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. உள்ளே பேசியது, யார் பேசியது என்று தெரியும்படி வெளியே போகக்கூடாது என்று முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அவர் பெயரைச் சொன்னால் எங்கள் கம்பெனி எது என்று கண்டுபிடிக்க இந்த ஊரில் ஒரு போன் போதும்.

ஏன் இதற்குப் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஐரோப்பிய பையர் ஒருவருக்கு 24,000 பீஸ் குழந்தைகள் டி-ஷர்ட், நேவி ப்ளூ, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம்). ஒரே தடவையில் சாயம் போட்டு வரும் துணியை லாட் என்போம். முதல் லாட்டில் துணி தேவையைவிடக் குறைவாக வந்தது, மீதிக்கு இரண்டாவது லாட் போட்டார்கள். உடம்பை முதல் லாட்டிலும் கையை இரண்டாவது லாட்டிலும் வெட்டினார்கள். ஃபேப்ரிக் இன்சார்ஜ் இரண்டு லாட்டையும் நிறம் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து ஓகே போட்டிருந்தார். பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் மட்டும் பார்த்திருக்கிறார். கடை வெளிச்சத்துக்கான டிஎல்84-ஐப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நேவி இன்னொரு விளக்கில் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும், ஒரே ஆள் மாதிரி தெரியாது. பேக்கிங் டேபிளில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பீஸை விரித்தபோதுதான் கையும் உடம்பும் சேரவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குள் மூவாயிரம் பீஸுக்கு மேல் தைத்து முடிந்திருந்தது.

பாதி ஆர்டர் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்கவில்லை. எங்கள் செலவில் ஏரில் (விமானத்தில்) போனது. அந்த ஏர் பில்லும் மாற்றுத் துணிக்கான காசும் சேர்ந்தால் மேலே சொன்ன கோச்சிங் தொகையைவிட அதிகம்.

அன்று ராத்திரி கட்டிங் மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் இந்தத் தொழிலில் 30 வருடத்துக்கு மேல் இருப்பவர். “வெட்டறதுக்குத் துணிய அடுக்கி லே போடும்போது உங்களுக்குத் தெரியலையா மாஸ்டர்?” என்றேன். “தெரிஞ்சுதுங்க” என்றார். “அப்புறம் ஏன் சொல்லல?” என்று கேட்டதற்கு, என் முகத்தைப் பார்க்காமல் கத்தரியைத் துடைத்துக்கொண்டே, “நீங்க கேக்கலீங்களே மேடம்” என்றார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. துணி தப்பாக வந்தால் மாற்றிவிடலாம். தப்பு என்று தெரிந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருக்கும் ஒரு இடத்தை நான்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்பதை எப்படி மாற்றுவது?

எங்கள் முதலாளிக்கு ‘ட்ரெய்னிங்’ என்றாலே ஆகாது. காரணம் இருக்கிறது. சில வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஓட்டல் ஹாலுக்குக் கூட்டிப் போனோம். பலூன் ஊதினோம், கைகோத்து நின்றோம், நல்ல சாப்பாடு சாப்பிட்டோம். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எல்லாம் பழையபடி. அதனால் கோச்சிங் என்று நான் சொன்னதும் அவர் முகம் சுளித்தார். அக்கவுண்ட்ஸில் இருக்கும் பையன் நீட் கோச்சிங் மாதிரி ஏதோ வகுப்பு என்று நினைத்துக்கொண்டான். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதானே அர்த்தம்.

வித்தியாசத்தை நானே முழுதாகப் புரிந்துகொண்டது மூன்றாவது அமர்வில்தான். ட்ரெய்னர் வந்தால் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பார். கன்சல்டண்ட் வந்தால் பார்த்துவிட்டு இப்படிச் செய்யுங்கள் என்று ரிப்போர்ட் கொடுப்பார். இவர் இரண்டும் செய்யவில்லை. எங்கள் வேலையை நாங்கள் செய்யும்போது கூட இருந்து பார்த்தார், பார்த்ததை எங்களுக்கே காட்டினார், கேள்வி கேட்டார், பதில் வரும் வரை காத்திருந்தார்.

அந்த மூன்றாவது அமர்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு கட்டிங் டேபிள் பக்கத்தில் நின்றபடியே எங்களுக்கு ஒரு மீட்டிங் நடக்கும். ஒன்பது பேர்: நான், இரண்டு மெர்ச்சண்டைசர், ஃபேப்ரிக் இன்சார்ஜ், கட்டிங் மாஸ்டர், இரண்டு லைன் சூப்பர்வைசர், தரம் பார்க்கும் கியூசி, பேக்கிங் இன்சார்ஜ். கோச் சார் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஓரமாக உட்கார்ந்தார். இருபது நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டில் ஏதோ கோடு போட்டுக்கொண்டே இருந்தார். மீட்டிங் முடிந்ததும் நோட்டை விரித்து டேபிளில் வைத்தார். ஒன்பது பேரையும் ஒன்பது புள்ளியாக வட்டமாக வைத்து, யார் யாரிடம் பேசினார்கள் என்று கோடு இழுத்திருந்தார். எல்லாக் கோடும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பி அதே புள்ளிக்குத் திரும்பியது. அந்தப் புள்ளி நான். கட்டிங் மாஸ்டருக்கும் ஃபேப்ரிக் இன்சார்ஜுக்கும் நடுவில் ஒரு கோடுகூட இல்லை. இரண்டு பேரும் நின்றது ஒரு கை தூரத்தில்.

“மாஸ்டர், இதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேட்டார்.

மாஸ்டர் பேசவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். கோச் சார் என் பக்கம் திரும்பாமலே கையை லேசாக உயர்த்தினார். மேலே ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்து லைனில் ஓவர்லாக் மெஷின் ஓடி நின்றது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது, எனக்கு அது ஒரு ஷிஃப்ட் மாதிரி இருந்தது. அப்புறம் மாஸ்டர் சொன்னார்:

“அந்த நேவி ப்ளூ லே போடும்போதே எனக்குத் தெரிஞ்சுதுங்க. நிறுத்துனா மாஸ்டர் வேலைய இழுக்கறாருன்னு பேரு வரும். ஓகே போட்டவங்களுக்கும் கோவம் வரும். எதுக்குன்னு வெட்டிட்டேன்.”

ஃபேப்ரிக் இன்சார்ஜ் முகம் சிவந்துவிட்டது. சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு: “அண்ணா, அன்னிக்கு எனக்கும் சந்தேகம்தான். ரெண்டாவது லைட்டு ஃப்யூஸ் போயி ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. வாங்கிக் குடுங்கன்னு கேட்டா மேடம் திட்டுவாங்கன்னு விட்டுட்டேன்.”

ஒரு விளக்கு. அதை வாங்கிக் கொடுக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

அன்றைக்கு அவர்களே ஒரு ஏற்பாடு செய்தார்கள். கோச் சார் சொல்லிக் கொடுக்கவில்லை, “இனிமே சந்தேகம் வந்தா என்ன செய்யலாம்?” என்று மட்டும்தான் கேட்டார். லைன் சூப்பர்வைசர் அக்கா, கட்டிங் வேஸ்ட்டில் கிடந்த ஒரு சிவப்பு பிட்டை எடுத்து, “இதைக் கட்டி விட்டுடலாமுங்க” என்றார். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த பண்டிலில் சிவப்பு பிட்டைக் கட்ட வேண்டும். கட்டினால் அரை மணி நேரத்துக்கு அதை யாரும் தொடக்கூடாது. ஃபேப்ரிக், கட்டிங், கியூசி மூன்று பேரும் அந்த இடத்துக்கே வந்து பார்க்க வேண்டும். கட்டியவரிடம் ஏன் கட்டினாய் என்று குரலை உயர்த்திக் கேட்கக்கூடாது. இரண்டு அமர்வு கழித்துத்தான் கோச் சார், டொயோட்டா கார் ஆலையில் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்தோ பட்டனை அழுத்தியோ லைனையே நிறுத்தலாம், அதற்கு ஆண்டான் என்று பெயர் என்று சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் ஜப்பான்காரன் சமாச்சாரம் நமக்கு எதற்கு என்று விட்டிருப்போம். நாங்களாகக் கண்டுபிடித்ததால் எங்களுடையது ஆகிவிட்டது.

இரண்டாவது மாதம் ஒரு சிக்கல். சிவப்பு பிட் கட்டுவது நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. முதலாளி ஃப்ளோருக்கு வந்தவர், திரும்பிய பக்கமெல்லாம் சிவப்பாகத் தொங்குவதைப் பார்த்து, “காசு குடுத்து பிரச்சினையை அதிகமாக்கிட்டிங்களே” என்றார். எனக்கும் பயம்தான். அப்போது கோச் சார் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். ஹார்வர்டில் இருக்கும் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் நர்சுகள் வேலை செய்யும் வார்டுகளைப் பார்த்திருக்கிறார். நன்றாக வேலை செய்யும் டீமில் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல டீம்களில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் தப்பு செய்யவில்லை, செய்த தப்பை மறைக்காமல் சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்டுகொண்ட காரணம். முதலாளி கொஞ்ச நேரம் யோசித்தார். “சரி, இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்” என்றார். நான்காவது மாதத்தில் பிட்டின் எண்ணிக்கை தானாகவே இறங்கியது. செக்கிங்கில் சேரும் ஆல்ட்டர் மூட்டையும் (திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) கண்ணால் பார்த்தே சொல்லும் அளவுக்குக் குறைந்தது.

எல்லாம் கோச்சிங்கால்தான் நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த மாதங்களில் ஆர்டர் நெருக்கடி சற்றுக் குறைவு. ஆனால் நெருக்கடி குறைந்த காலம் முன்பும் வந்திருக்கிறது, அப்போதெல்லாம் மாஸ்டர் பேசியதில்லை.

அவர் எப்போது வருவார் என்பதை முடிவு செய்த விதமும் எனக்குப் பிடித்தது. ஷிப்மெண்ட் வாரத்தில் வந்து எங்களைச் சரிசெய்யச் சொல்லி நான் கேட்டேன். முடியாது என்றார். ரிச்சர்ட் ஹாக்மன், ரூத் வேக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-இல் எழுதியதை எனக்கு விளக்கினார். ஒரு டீமுக்கு வேலை தொடங்கும்போது ஊக்கம் தரும் பேச்சு வேண்டும், பாதி வழியில் செய்யும் முறையை மாற்றலாமா என்று பார்க்கும் பேச்சு வேண்டும், முடிந்த பிறகு என்ன கற்றோம் என்ற பேச்சு வேண்டும். நேரம் தவறினால் எந்தப் பேச்சும் காதில் ஏறாது. எங்களுக்கு இது அப்படியே பொருந்தியது. தையல் தொடங்கும் முன் நடக்கும் பிபி (ப்ரீ-புரொடக்‌ஷன்) மீட்டிங் அன்று ஒன்று, ஆர்டரில் பாதி தைத்ததும் ஒன்று, கண்டெய்னர் கிளம்பி இரண்டு நாள் கழித்து ஒன்று என்று அமர்வுகளை மாற்றி வைத்தோம். கண்டெய்னர் போன பிறகு உட்கார்ந்து பேசுவது என்பது எங்கள் கம்பெனியில் அதுவரை இல்லாத வழக்கம். அடுத்த ஆர்டர் தலைமேல் ஏறி நிற்கும், யார் உட்காருவது? இப்போது உட்காருகிறோம். முக்கால் மணி நேரம்தான். டீயும் வடையும் உண்டு.

இன்னொரு விஷயத்துக்காக அவரை நான் நம்பினேன். ஆறாவது அமர்வில் ஒரு பிரச்சினை வந்தது. துணிக்கு ஓகே போடும் அதிகாரம் எங்கள் கம்பெனியில் இரண்டு பேரிடம் இருந்தது, ஃபேப்ரிக் இன்சார்ஜிடமும் சீனியர் மெர்ச்சண்டைசரிடமும். ஒருவர் வேண்டாம் என்றால் இன்னொருவரிடம் போய் வாங்கிவிடுவார்கள். இதைப் பேசித் தீர்த்து வையுங்கள் என்று கேட்டோம். “இது பேசித் தீர்ற விஷயம் இல்லைங்க. யாரு முடிவெடுக்கணும்னு முதலாளி எழுதிக் குடுக்கணும். அது இல்லாம நான் எத்தனை அமர்வு நடத்துனாலும் உங்க காசுதான் வீண்” என்றார். ஜெராக்ஸ் நிறுவனத்தில் மெஷின் பழுது பார்க்கும் டீம்களை ஆராய்ந்து, அமைப்பு ஒழுங்காக இருக்கும் டீமுக்குத்தான் கோச்சிங் பலன் தரும் என்று அதே வேக்மன் கண்டதையும் சொன்னார். காசு வாங்குகிறவர், இது என் சரக்கால் ஆகாது என்று சொல்லுவதை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறோம்? அந்த வாரமே முதலாளி ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஃபேப்ரிக் இன்சார்ஜ்தான் கடைசிச் சொல், இரண்டு விளக்கிலும் பார்த்த பிறகு.

எனக்குத் தனியாக இரண்டு அமர்வு இருந்தது. முதலாவதில் ஒரே கேள்வி: நீங்கள் ஒரு வாரம் லீவு போட்டால் என்னென்ன வேலை நிற்கும்? பதினோரு வேலை எழுதினேன். எழுதும்போது உள்ளுக்குள் பெருமைதான். அடுத்து ஒவ்வொன்றுக்கும் நேரே, யாருக்குத் தெரிந்திருந்தால் இது நிற்காது என்று எழுதச் சொன்னார். ஏழாவது வரிக்கு வரும்போது கண் கலங்கிவிட்டது. தெரிந்தவர்கள் எல்லோரும் என் பக்கத்திலேயே இருந்தார்கள், நான்தான் கொடுக்கவில்லை. சித்திரையில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கம்பெனியிலிருந்து வந்த போன் மொத்தம் நான்கு. அதில் ஒன்று, அம்மா எப்படி இருக்காங்க என்று விசாரிக்க மாஸ்டர் செய்தது.

குறைகளும் உண்டு. முதல் அமர்வில் ஸ்லைடு எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. லைன் சூப்பர்வைசர்களும் மாஸ்டரும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒன்றும் ஏறவில்லை. சொன்ன பிறகு ஸ்லைடையே விட்டுவிட்டார், ஆனால் ஒரு அமர்வு போனது போனதுதான். நாற்பது கேள்வி கொண்ட ஒரு குணநலத் தாளை நிரப்பச் சொன்னார். அதனால் எங்களுக்கு ஒரு பலனும் கிடைக்கவில்லை. ஒரு தடவை அவரால் வர முடியாமல் ஆன்லைனில் நடத்தினார். ஒன்பது பேர் ஒரே லேப்டாப்பை எட்டிப் பார்த்துக்கொண்டு, வெளியே மெஷின் சத்தம் வேறு. அந்த அமர்வுக்குப் பணம் கொடுத்தது வருத்தம்தான். டீம் கோச்சிங் என்றால் ஆள் நேரில் வர வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. எங்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பிள்ளைகள். இந்த ஆறு மாதமும் அவர்களை எட்டவில்லை. சிவப்பு பிட் விஷயத்தை சூப்பர்வைசர் அக்கா தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் புரிய வைத்தார். ஒரு நாள் ஒடிசாப் பையன் ஒருவன் கழுத்து ரிப்பில் ஊசி ஓட்டை விழுவதைப் பார்த்துத் தானே போய் பிட் கட்டினான். பிளாட்லாக் மெஷினில் ஊசி முனை மழுங்கியிருந்தது. ஊசியை மாற்ற இரண்டு நிமிடம், பார்க்காமல் விட்டிருந்தால் ஒரு நாள் தையல் முழுக்க ஓட்டை. அக்கா அவனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கைதட்டச் சொன்னார். அது நல்ல விஷயம்தான், ஆனால் அதை அக்கா செய்தார், நாங்கள் காசு கொடுத்த திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. இந்தி பேசும் துணைக் கோச் ஒருவரையும் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

கோச் தேடுகிறவர்கள் கவனிக்க ஒன்றிரண்டு. இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம் எதுவும் கிடையாது, யார் வேண்டுமானாலும் கார்டு அடித்துக்கொள்ளலாம். ஐசிஎஃப் என்ற பன்னாட்டு அமைப்பு தரும் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஏசிசி என்றால் குறைந்தது 100 மணி நேரம், பிசிசி என்றால் 500, எம்சிசி என்றால் 2,500 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம். தனி மனிதருக்குக் கோச்சிங் செய்வதும் டீமுக்குச் செய்வதும் வேறு வேறு. டீமோடு எத்தனை தடவை, எந்த மாதிரி வேலை இடத்தில் செய்திருக்கிறார் என்று விசாரியுங்கள். எங்களிடம் வந்தவர் முன்பு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷாப் ஃப்ளோரில் பல வருடம் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்துக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார அவருக்குக் கூச்சம் இல்லை.

அப்புறம் முதலாளிகளுக்கு. அமர்வில் யார் என்ன சொன்னார்கள் என்று கோச்சிடமோ மேனேஜரிடமோ கேட்கக்கூடாது. எங்கள் முதலாளி ஒப்பந்தத்தில் இதற்குக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு தடவை காரில் போகும்போது என்னிடம் கேட்டார், நான் சொல்லவில்லை, அவரும் விட்டுவிட்டார். அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் மறுநாள் மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும், அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

நான் திரும்ப இந்தக் காசைக் கொடுப்பேனா? கொடுப்பேன். பன்னிரண்டு அமர்வு வேண்டாம், எட்டு போதும். கேள்வித்தாள் வேண்டாம். இந்தி தெரிந்த ஒருவர் வேண்டும்.

அடுத்த சுற்று தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்த பிறகு என்று பேசியிருக்கிறோம். முதல் அமர்வுக்கு எங்கள் துணியைச் சாயம் போடும் யூனிட்டிலிருந்து இரண்டு பேரையும் கூப்பிட வேண்டும் என்று சொன்னவர் மாஸ்டர். நானும் ஃபேப்ரிக் இன்சார்ஜும் நேரில் போய்க் கேட்டோம். யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். மாஸ்டர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், “சாயக்காரங்க என்ன சொன்னாங்க மேடம்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.